ஒன்றரை மாத ஊசியை எங்கே போடுவது: அரசு சுகாதார நிலையமா, தனியார் மருத்துவமனையா?

பிறந்த குழந்தைக்கு ஒன்றரை மாதம் நெருங்கும்போது தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கேள்வி எழுகிறது. வீட்டுப் பெரியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அலுவலகத் தோழி ஒருத்தி தன் குழந்தைக்குத் தனியாரில் ‘வலியில்லா ஊசி’ போட்டதாகவும் காய்ச்சலே வரவில்லை என்றும் சொல்வாள். இடையில் தாய்க்குத் தூக்கமில்லை, தந்தைக்குச் செலவுக் கணக்கு. இரண்டு இடங்களிலும் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்த்தால், அடிப்படைத் தவணைகளுக்கு அரசு நிலையமே போதுமானது என்பதும், கையில் பணம் இருந்தால் அதை வலியில்லா ஊசிக்குச் செலவிடுவதைவிட அரசு அட்டவணையில் இல்லாத ஊசிகளுக்குச் செலவிடுவது குழந்தைக்குக் கூடுதல் பயன் தரும் என்பதும் தெளிவாகும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

அரசு அட்டவணையில் என்னென்ன இருக்கின்றன என்பதே பலருக்கு முழுமையாகத் தெரிவதில்லை. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றுக்கான ஊசி ஆகிய மூன்றும் போடப்படுகின்றன. ஹெபடைட்டிஸ் பி ஊசியின் முதல் தவணையை 24 மணி நேரத்துக்குள் போட்டால்தான் தாயிடமிருந்து தொற்று வரும் வழியை அது அடைக்கும் என்பதால், பிரசவம் எந்த மருத்துவமனையில் நடந்தாலும் அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில், அதாவது ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில், பென்டா ஊசியும் போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் தரப்படுகின்றன. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி, ஹிப் என்ற கிருமியால் வரும் நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் என ஐந்து வகை நோய்களைப் பென்டா தடுக்கிறது. 6, 14ஆம் வாரங்களில் இவற்றோடு, நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமிக்கான நிமோகாக்கல் ஊசியும் போலியோ ஊசியும் சேரும். ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி, நிமோகாக்கல் ஊக்கத் தவணை (பூஸ்டர்), மூன்றாவது போலியோ ஊசி, வைட்டமின் ஏ திரவம் ஆகியவை உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பாதிப்புள்ள மாவட்டங்களில் அதற்கான ஊசியும் போடப்படுகிறது. பதினாறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் ஊக்கத் தவணைகள் வருகின்றன. இவ்வளவும் இலவசம். இந்த வரிசையில் தமிழ்நாடு பலமுறை முன்னால் நின்றிருக்கிறது: 2011 டிசம்பரில் இந்தியாவில் பென்டா ஊசியை முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்தான், 2017இல் தட்டம்மை ரூபெல்லா இயக்கம் முதலில் நடந்த மாநிலங்களிலும் தமிழ்நாடு இருந்தது.

தனியாரில் இதே நோய்களுக்கான ஊசிகளே பெரும்பாலும் வேறு வடிவில் கிடைக்கின்றன. பென்டாவோடு போலியோ ஊசியையும் சேர்த்து ஒரே ஊசியாக்கிய ஆறு நோய் ஊசி, வேறு நிறுவனங்களின் நிமோகாக்கல் ஊசி, வேறு பெயரில் ரோட்டா சொட்டு என அவை அமையும். மூன்றையும் சேர்த்தால் ஒன்றரை மாதத் தவணைக்கு மட்டுமே ஏழெட்டாயிரம் ரூபாயை எளிதில் தொட்டுவிடும். இப்படி மூன்று தவணைகள் இருக்கின்றன. ஆறு மாதத்துக்குப் பிறகு அரசு அட்டவணையில் இல்லாத சில ஊசிகளும் தனியாரில் போடப்படுகின்றன. அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

பெற்றோரை அதிகம் இழுப்பது ‘வலியில்லா ஊசி’ என்ற பெயர்தான். ஊசி குத்தும்போது உண்டாகும் வலி இதிலும் உண்டு. வேறுபாடு கக்குவான் இருமலுக்கான பகுதியில் இருக்கிறது. அரசு பென்டாவில் அந்தக் கிருமி முழுமையாக, ஆனால் கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. தனியாரின் விலையுயர்ந்த ஊசியில் கிருமியின் சில புரதங்கள் மட்டும் பிரித்துச் சேர்க்கப்படுகின்றன. முழுக் கிருமியைக் கண்டதும் குழந்தையின் உடல் கூடுதலாகக் கிளர்ந்தெழுவதால் முதல் இரண்டு நாள்களில் காய்ச்சல், தொடையில் வீக்கம், அழுகை ஆகியவை அதிகம் வருகின்றன. புரத வகையில் இவை குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தக் கிளர்ச்சி கடுமையாக இருப்பதற்கு ஒரு பலனும் உண்டு: முழுக் கிருமி ஊசி தரும் பாதுகாப்பு நீண்ட காலம் நிற்கிறது, புரத வகை தரும் பாதுகாப்பு அதைவிட விரைவில் தேய்கிறது. அமெரிக்கா 1990களில் முழுவதுமாகப் புரத வகைக்கு மாறியது. 2010இல் கலிபோர்னியாவில் கக்குவான் இருமல் பெருமளவில் பரவி 9,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 10 பச்சிளங்குழந்தைகள் இறந்தன, அவற்றில் பெரும்பாலானவை தம் தவணைகளை முடிக்கும் வயதைக்கூட எட்டாதவை. அங்கு நடந்த ஆய்வுகள், புரத வகையை மட்டுமே பெற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, முழுக் கிருமி வகையைப் பெற்றவர்களைவிட அந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று காட்டின. ஒரு நாள் காய்ச்சலைத் தவிர்ப்பதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, சீக்கிரம் தேயும் பாதுகாப்பை வாங்குவது நல்ல பேரமாக எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறு நோய் ஊசி எல்லாமே வலியில்லா வகை அல்ல. முழுக் கிருமியைக் கொண்ட ஆறு நோய் ஊசியும் சந்தையில் இருக்கிறது. தனியாருக்கே போவதாக முடிவெடுத்தாலும் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

காய்ச்சல் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒன்றரை மாதக் குழந்தை இரவெல்லாம் சிணுங்கி அழும்போது, அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் தாய்க்கு நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய விளக்கம் எந்த ஆறுதலையும் தராது. ஆகவே ஊசி போடும் இடத்திலேயே பாராசிட்டமால் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது பொதுவான கணக்கு. இதில் பெரிய ஆபத்து பாட்டிலில்தான் இருக்கிறது: கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 120 மில்லிகிராம் அளவில் இருக்கும். மூத்த பிள்ளைக்கு வாங்கிய சிரப்பின் அளவை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றினால் மருந்து பல மடங்காகிவிடும். பாட்டிலில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, அதனுடன் வரும் சொட்டுக் குழாயாலேயே அளந்து கொடுக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. எண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். ஊசி போடும்போதும் போட்ட உடனேயும் தாய்ப்பால் புகட்டுவதுதான் குழந்தைக்கு நன்றாக வேலை செய்யும் வலி நிவாரணி. மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காத அழுகை, வலிப்பு, துவண்டு கிடத்தல், இரண்டு நாளைத் தாண்டியும் தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அது ஊசியால் வந்ததா வேறு தொற்றா என்று வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய இயலாது.

குத்துகளின் எண்ணிக்கையில் தனியாருக்கு ஓர் அனுகூலம் உண்டு. அரசு நிலையத்தில் ஒன்றரை மாதத்தில் பென்டா ஒரு தொடையிலும், நிமோகாக்கல் மறு தொடையிலும், போலியோ ஊசி மேற்கையின் தோலிலுமாக மூன்று குத்துகள். தனியாரில் போலியோ ஆறு நோய் ஊசிக்குள்ளேயே வந்துவிடுவதால் இரண்டு குத்துகளோடு முடியும். கையில் மிகச் சிறிய அளவு மருந்தைத் தோலுக்குள் செலுத்துவதைப் பார்த்துவிட்டு, அரசு போலியோ ஊசி அரைகுறை ஊசி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது முழு அளவில் ஐந்தில் ஒரு பங்குதான்; ஆனால் தோலுக்குள் செலுத்தும்போது அந்தச் சிறு அளவே நன்றாக வேலை செய்கிறது என்பதும், இரண்டு சிறு தவணைகள் ஒரு முழுத் தவணையை விஞ்சுகின்றன என்பதும் ஆய்வுகளில் உறுதியானவை. இவற்றோடு சொட்டு மருந்து குடலில் தரும் பாதுகாப்பும் சேர்கிறது. தனியாரில் ஆறு நோய் ஊசி போட்ட குழந்தைக்கும் போலியோ முகாம் நாளில் சொட்டு மருந்து தர வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதால் மருந்து மட்டமானதாக இருக்குமோ என்ற சந்தேகம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டை எடுத்துக்கொள்வோம். அரசுத் திட்டத்தில் பயன்படும் இந்தியத் தயாரிப்புகளில் ஒன்றான ரோட்டாவாக்கின் பெரிய சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் நடந்தது; வேலூரில் அதை நடத்தியது கிறித்தவ மருத்துவக் கல்லூரி. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கில் பாதிக்கும் சற்று அதிகமானதை அது தடுத்தது. இதே அளவு பலனைத்தான் வெளிநாட்டு நிறுவனங்களின் சொட்டு மருந்துகளும் நம்மைப் போன்ற நாடுகளில் தந்திருக்கின்றன. தவணைக் கணக்கில் மட்டும் வேறுபாடு உண்டு: தனியாரில் கிடைக்கும் ஒரு வகைக்கு இரண்டு தவணைகள் போதும், மற்றவற்றுக்கு மூன்று வேண்டும். நிமோகாக்கலில் தனியார் அட்டவணை ஒரு தவணை கூடுதலாகவும், சில தயாரிப்புகள் கிருமியின் கூடுதல் வகைகளை உள்ளடக்கியும் இருக்கின்றன. அது உண்மையான வேறுபாடுதான். ஆனால் அரசு தரும் மூன்று தவணைகளைப் பெற்ற குழந்தையைப் பாதுகாப்பற்றது என்று எண்ணிக் கவலைப்படும் அளவுக்குப் பெரியதன்று.

மருந்தின் தரம் என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது குளிர்ச்சியைத்தான். தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையில் வைத்திருக்க வேண்டும். சூடு ஏறினால் வீரியம் போகும். பென்டா, ஹெபடைட்டிஸ் பி போன்றவை உறைந்தாலும் கெட்டுவிடும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே தனிக் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் பல மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும்படி அதன் சுவர்களைச் சுற்றிப் பனிக்கட்டி உறைந்திருக்கும். வெப்பநிலையை நாளுக்கு இருமுறை பார்த்து எழுதுகிறார்கள். புட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தால் லேபிளிலோ மூடியிலோ ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் தெரியும். வட்டத்தைவிடச் சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நல்ல நிலையில் இருக்கிறது. சூடு பட்டுப்பட்டு அந்தச் சதுரம் கருத்து வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தப் புட்டியைப் பயன்படுத்தக் கூடாது. செவிலியரிடம் காட்டச் சொன்னால் காட்டுவார், கேட்பதில் தவறில்லை. தனியாரில் கிடைக்கும் பல தயாரிப்புகளில் இந்த அடையாளம் இருப்பதில்லை. நல்ல குழந்தை மருத்துவமனைகள் மருந்துக்கெனத் தனிப் பெட்டி வைத்து முறையாகப் பராமரிக்கின்றன. ஆனால் மருந்துக் கடையில் நீங்களே வாங்கி, வெயிலில் இரு சக்கர வாகனத்தில் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளும்படி சொல்லும் இடம் என்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் அங்கே போக வேண்டாம் என்பேன்.

தனியார் மருத்துவமனை உண்மையாகவே சிறந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நேரம் குறித்துக்கொண்டு போகலாம். மருத்துவர் குழந்தையின் உடையைக் கழற்றிப் படுக்கவைத்து, எடை, நீளம், தலைச் சுற்றளவு அளந்து, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, தலை நிற்கிறதா என்று கேட்டு, இதயத்தையும் இடுப்பு மூட்டையும் சோதித்துவிட்டு ஊசி போடுவார். முதல் குழந்தையின் பெற்றோருக்கு அந்தப் பத்து நிமிடம் மிகப் பெரிய துணை. புதன்கிழமை காலையில் சுகாதார நிலையத்தில் இருபது முப்பது குழந்தைகள் காத்திருக்கும்போது அவ்வளவு பேச்சுக்கு இடமிருக்காது. எடை பார்ப்பார்கள், அட்டையில் எழுதுவார்கள், ஊசி போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். ஆனால் கிராம சுகாதார செவிலியருக்குப் பெயர் பெயராகக் குழந்தைகளைத் தெரியும், தவணைக்கு வராத வீட்டுக்கு அவர் ஆளனுப்புவார் அல்லது தானே வருவார். தனியார் மருத்துவமனைகள் பொதுவாக அதைச் செய்வதில்லை. மருத்துவரின் சோதனை வேண்டுமென்றால் ஊசியை அரசு நிலையத்தில் போட்டுவிட்டு, ஆலோசனைக் கட்டணம் மட்டும் கொடுத்து அவரிடம் குழந்தையைத் தனியே காட்டலாம். செலவில் பெரும்பகுதி மருந்தின் விலைதான், மருத்துவருடையது அன்று.

இனி அரசு அட்டவணையில் இல்லாதவை. மிச்சப்படும் பணத்தில் எதை முதலில் போடுவது என்று கேட்டால் டைபாய்டு ஊசியைச் சொல்வேன். நாம் குடிக்கும் தண்ணீரின் நிலையைப் பார்த்தால் வேறு காரணம் தேவையில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒரே தவணை போதும், மருந்துக்கு அடங்காத டைபாய்டு கிருமிகள் பெருகிவரும் காலத்தில் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. அடுத்தது பொன்னுக்கு வீங்கி. அரசு தரும் தட்டம்மை ரூபெல்லா ஊசியில் அது இல்லை. சிறு நோய் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் காது கேளாமையும் மூளை உறை அழற்சியும் அதனால் வரலாம், 2024இல் கேரளத்தில் அது பெரிதாகப் பரவியது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசியை அரசு நிலையத்தில் போட்டுவிட்டு, பதினைந்து மாதத்துக்கு மேல் தனியாரில் மூன்று நோய்களுக்கும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசியைப் போட்டால் அதுவே தட்டம்மையின் இரண்டாம் தவணையாகவும் அமையும். அதைச் செவிலியரிடம் சொல்லி அட்டையில் பதிய வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு ஃப்ளூ ஊசி, முதல் முறை நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணையும் பிறகு ஆண்டுக்கு ஒன்றுமாக வரும். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு இதை முதலிடத்துக்கே கொண்டுவரலாம். ஒரு வயதுக்கு மேல் ஹெபடைட்டிஸ் ஏ, பதினைந்து மாதத்துக்கு மேல் சின்னம்மை ஊசி என வரிசை நீளும். பணம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். அடுத்த குழந்தைக்குக் கருவுற்றிருக்கும் தாய் தன் 27ஆம் வாரத்துக்கும் 36ஆம் வாரத்துக்கும் இடையில் கக்குவானும் சேர்ந்த டிடாப் ஊசியைத் தனியாரில் போட்டுக்கொண்டால், பிறக்கும் குழந்தை தன் முதல் ஊசி வரை தாயின் பாதுகாப்பில் இருக்கும்.

எல்லாவற்றையும் தனியாரிலேயே போடத் தகுந்த சூழல்களும் இருக்கின்றன. முந்தைய தவணையில் வலிப்போ கடும் ஒவ்வாமையோ வந்த குழந்தை, முற்றிவரும் நரம்புக் கோளாறு உள்ள குழந்தை ஆகியோருக்கு எந்த ஊசி என்பதைக் குழந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். புதன்கிழமை விடுப்பு எடுக்க முடியாத பெற்றோர், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் தனியார் மருத்துவமனையை நம்பித் தவணையைத் தவறாமல் முடிப்பார்கள் என்றால் அவர்களுக்கு அதுவே சரி. குறைமாதக் குழந்தை என்பதும் சளி பிடித்திருக்கிறது என்பதும் ஊசியைத் தள்ளிப்போடுவதற்கான காரணங்கள் அல்ல; குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே வாரத்தை எண்ணிப் போடுகிறார்கள்.

நடைமுறையில் நம் ஊரில் தவணை தவறுவது பெரும்பாலும் தாய் வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகும் மாதத்தில்தான். பிரசவம் தாய் வீட்டில், ஒன்றரை மாத ஊசி அங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு அழைத்துவருகிறார்கள், இடையிலுள்ள ஊசி இரண்டு ஊருக்கும் பொதுவாகி எதிலும் போடப்படாமல் போகிறது. தாய் சேய் நல அட்டையைப் பயணப் பெட்டியில் முதலில் வையுங்கள். அது இருந்தால் தமிழ்நாட்டின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடுத்த தவணையைத் தொடரலாம். ஓர் ஊரில் தனியாரில் ஆறு நோய் ஊசியின் முதல் தவணையைப் போட்டுவிட்டு மற்ற ஊரில் அரசு பென்டாவுக்கு மாறுவதும் அனுமதிக்கப்பட்டதே. மருந்தின் பெயரும் தேதியும் ஒட்டிய சீட்டு கையில் இருந்தால் போதும். தனியாரில் போட்டவை அரசுப் பதிவில் தானாக ஏறிவிடும் என்று நம்பாமல் செவிலியரிடம் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். தேதி தவறியே போயிருந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்து, இரண்டு தவணைகளுக்கு இடையில் குறைந்தது நான்கு வாரம் விட்டுத் தொடர்வார்கள். அரசுத் திட்டத்தில் ரோட்டா சொட்டின் முதல் தவணையை ஒரு வயது வரையிலும் தொடங்கலாம், ஆனால் தனியார் தயாரிப்புகளுக்கு 15 வாரத்தோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும் என்பதால், தாமதமான குழந்தையை முதலில் கொண்டுபோக வேண்டிய இடம் அருகிலுள்ள சுகாதார நிலையம்தான்.